ஒளி இயக்குகிறதா, எந்திரன் இயங்குகிறதா? சீரொளியும் நுண்ணெந்திரன்களும்

ஆய்வுச்சுருக்கம்

கண்ணுக்குப் புலப்படாத அளவுள்ள எந்திரன்களைக் குவித்த சீரொளியால் (லேசர்) கட்டுப்படுத்தும் ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டில் படிப்படியாக வளர்ந்துள்ளன. இவ்வாய்வுகளில் ஒளி மூன்று வேறுபட்ட பணிகளை ஆற்றுகிறது. சிலவற்றில் அது பொருளைப் பற்றி நகர்த்தும் கையாக உள்ளது. சிலவற்றில் எந்திரன் உட்கொள்ளும் ஆற்றலாகிறது. அண்மைய ஆய்வுகளில் எந்திரனுக்கு அனுப்பப்படும் ஆணையாகிறது. இம்மூன்றையும் 'ஒளியால் இயங்கும் ரோபோ' என ஒரே தொடரால் குறிக்கும்போது, இத்துறையால் இன்று எது இயலும், எது இயலாது என்பது மறைந்துவிடுகிறது. எந்திரனின் உடலுக்குள் கட்டமைப்புக் கூடக்கூட ஒளியைக் குவிக்க வேண்டிய தேவை குறைந்து வந்துள்ளது என்பதையும், மருத்துவப் பயன் பற்றிய எதிர்பார்ப்புகளை இந்த அளவுகோலால் எடைபோட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சீரொளி, நுண்ணெந்திரன், ஒளி இடுக்கி, ஒளியழுத்தம், ஒளிமின்கலம், பிரௌனியன் இயக்கம்

முன்னுரை

இயங்கு, இயக்கு என்னும் வினைகளைத் தமிழ் இலக்கணம் தன்வினை, பிறவினை எனப் பிரிக்கிறது. ஒரு மெல்லின எழுத்து வல்லினமாவதில் வினையின் பொறுப்பு ஓர் எழுவாயிடமிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடுகிறது. நுண்ணெந்திரன் ஆய்வைப் புரிந்துகொள்ள இதைவிட ஏற்ற கருவி வேறு தேவையில்லை எனலாம். நீர்த்துளிக்குள் ஒரு நுண்பொருள் இடம் பெயர்கிறது. அதன்மீது சீரொளி விழுகிறது. இக்காட்சியைக் காண்பவர் ஒளி அதை இயக்குகிறது என்பாரா, ஒளியைக் கொண்டு அது இயங்குகிறது என்பாரா? இரண்டும் வேறுவேறு எந்திரங்கள், வேறுவேறு இயற்பியல், வேறுவேறு வரம்புகள்.

தமிழில் ரோபோ என்பதற்கு எந்திரன், தானியங்கி என இரு சொற்கள் வழங்குகின்றன. தானே இயங்குவது என்னும் பொருள் தரும் 'தானியங்கி', இக்கட்டுரையின் முற்பகுதியில் வரும் பொருள்கள் எதற்கும் பொருந்தாது. ஆகவே 'நுண்ணெந்திரன்' என்பதே இங்குக் கையாளப்படுகிறது. அளவில் அவை சில மைக்ரோமீட்டர் முதல் சில நூறு மைக்ரோமீட்டர் வரை உள்ளவை. ஒரு மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோமீட்டர்.

நுண்ணளவில் நீரின் தன்மை

பெரிய எந்திரனைச் சிறிதாக்கினால் நுண்ணெந்திரன் கிடைத்துவிடும் எனக் கருதுவதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது மின்கலம். மின்கலத்தில் தேங்கும் ஆற்றல் அதன் பருமனளவைப் பொறுத்தது. பக்கத்தின் நீளத்தை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் பருமனளவு எண்ணாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆற்றலைச் சுமந்து செல்ல இடமில்லாத உடலுக்கு அதை வெளியிலிருந்துதான் ஊட்ட வேண்டும்.

இரண்டாவது தடை நீரே. மீன் வாலை ஒருமுறை அடித்தபின் சிறிது தொலைவு வழுக்கிச் செல்கிறது. அதன் நிலைமம் அதைக் கொண்டுசெல்கிறது. உடல் சிறுக்கச் சிறுக்க நிலைமத்தின் பங்கு தேய்ந்து, நீரின் பாகுநிலையே எல்லாவற்றையும் ஆள்கிறது. இவ்விரண்டின் விகிதத்தை இயற்பியலார் ரெனால்ட்ஸ் எண் என்பர். அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கணக்கைத் தருகிறார்: நொடிக்கு 30 மைக்ரோமீட்டர் வேகத்தில் நீந்தும் பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால், அது வழுக்கிச் செல்லும் தொலைவு ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. உந்துதல் நின்ற கணமே அசைவும் நின்றுவிடும். நமக்குத் தேன் எப்படியோ, பாக்டீரியாவுக்கு நீர் அதைவிடப் பன்மடங்கு கெட்டியானது.

இதிலிருந்து மற்றொரு வியப்பான முடிவும் வருகிறது. திறந்து மூடும் சிப்பியைப் போல, சென்ற வழியிலேயே திரும்பி வரும் ஒற்றை அசைவைக் கொண்டு இந்த நீரில் முன்னேற முடியாது. திறக்கும்போது சென்ற அளவு மூடும்போது பின்வாங்கும். எவ்வளவு வேகமாக மூடினாலும், எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் நிலை இதுவே. பாக்டீரியாக்கள் திருகுபோல் சுழலும் இழையைக் கொண்டிருப்பது இதனாலேயே. இவற்றோடு, நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் ஓயாமல் மோதுவதால் நுண்பொருள் தடுமாறிக்கொண்டே இருக்கும். பிரௌனியன் இயக்கம் எனப்படும் இத்தடுமாற்றத்தால், 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கோளம் தான் எத்திசையை நோக்கி இருந்தது என்பதை ஏறத்தாழ ஒரு நொடியில் இழந்துவிடுகிறது.

மின்கலம் இல்லை, வழுக்கிச் செல்லும் வசதி இல்லை, திசை நிலைப்பதில்லை. ஆற்றலையும் வழிகாட்டுதலையும் கம்பியின்றி, தொடாமல், ஒரே வேளையில் தரக்கூடியதாக ஆய்வாளர்கள் ஒளியைத் தேர்ந்ததன் பின்னணி இதுதான்.

கையாகும் ஒளி

ஒளி பொருளைத் தள்ளும் என்னும் எண்ணம் பழையது. வால்விண்மீனின் வால் எப்போதும் கதிரவனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதற்கு ஒளியின் தள்ளுதலைக் காரணமாகக் கூறியவர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கெப்ளர். மாக்ஸ்வெல் தம் மின்காந்தக் கோட்பாட்டின் வழியே 1873இல் ஒளியழுத்தத்தின் அளவைக் கணித்தார். 1901இல் உருசியாவில் லெபெதெவும், அமெரிக்காவில் நிக்கோல்ஸ், ஹல் ஆகிய இருவரும் அதைச் சோதனைச் சாலையில் அளந்து காட்டினர். அளப்பதற்கு இத்தனை காலம் ஆனதற்குக் காரணம் அதன் சிறுமை. 1 சதுர மீட்டர் பரப்புள்ள முகக்கண்ணாடியின்மீது கதிரவன் ஒளி நேராக விழுந்து முழுவதும் எதிரொளித்தாலும், அக்கண்ணாடி பெறும் தள்ளுவிசை ஏறத்தாழ 1 மில்லிகிராம் பொருளின் எடைக்கே சமம்.

மனித அளவில் பொருட்படுத்தத் தகாத இவ்விசை நுண்ணளவில் பெரிதாகிறது. 1 மில்லிவாட் திறனுள்ள சீரொளியை நுண்ணோக்கியின் வில்லையால் குவித்தால் ஏறத்தாழ 1 பிக்கோநியூட்டன், அதாவது ஒரு நியூட்டனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு, விசை கிடைக்கும். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நெகிழிக் கோளத்தின் எடையைப்போல் அது ஏறத்தாழ இருநூறு மடங்கு. யானையை அசைக்காத காற்று துரும்பைத் தூக்கிச் செல்வது போன்றது இது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆர்தர் ஆஷ்கின் 1970இல் செய்த சோதனையில், நீரில் மிதந்த நுண்கோளங்களின்மீது சீரொளியைப் பாய்ச்சினார். கோளங்கள் ஒளியின் திசையில் தள்ளப்படும் என்பது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறொன்று: ஒளிக்கற்றையின் ஓரத்தில் இருந்த கோளங்கள் அதன் நடுவை நோக்கி ஈர்க்கப்பட்டன. தள்ளும் ஒளி இழுக்கவும் செய்தது.

இதன் காரணம் உந்த அழிவின்மை விதியில் உள்ளது. நீரைவிட மிகுந்த ஒளிவிலகல் எண் கொண்ட கோளம் ஒரு சிறு வில்லையாகச் செயல்பட்டுத் தன்வழியே செல்லும் ஒளிக்கதிரை வளைக்கிறது. கதிரின் திசை மாறினால் அதன் உந்தமும் மாறும். அந்த மாற்றத்துக்கு ஈடான எதிர்விசை கோளத்தின்மீது செயல்படும். ஒளிக்கற்றையின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் செறிவானது. ஆகவே நடுப்பக்கக் கதிர்கள் தரும் எதிர்விசை ஓரப்பக்கத்ததை விஞ்சி, கோளத்தை நடுவை நோக்கிக் கொண்டுவருகிறது. ஒளிக்கற்றையை மிகக் கூர்மையாகக் குவித்தால் இதே விசை முன்பின் திசையிலும் செயல்பட்டு, குவியத்தருகே கோளத்தை நிறுத்திவைக்கும். குவிப்புப் போதாவிடில் தள்ளுவிசை வென்று கோளம் முன்னோக்கி அடித்துச் செல்லப்படும். இந்தத் துறையில் 'குவித்த' என்னும் அடைமொழி அழகுக்காக வந்ததன்று.

ஒற்றை ஒளிக்கற்றையால் பொருளைப் பிடித்துவைக்கும் இந்த அமைப்பை ஆஷ்கினும் அவருடைய குழுவினரும் 1986இல் செய்து காட்டினர். 10 மைக்ரோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 25 நானோமீட்டர் வரையுள்ள துகள்களை அது பிடித்தது. பின்னர் 'ஒளி இடுக்கி' எனப் பெயர்பெற்ற இக்கருவி 1987இல் பாக்டீரியாவையும் புகையிலைத் தேமல் நச்சுயிரியையும் பிடித்தது. பச்சை நிறச் சீரொளியில் சிக்கிய பாக்டீரியாக்கள் மடிந்தன. அகச்சிவப்புச் சீரொளிக்கு மாறியபோது அவை பிடிக்குள் இருந்தபடியே பெருகின. இப்பணிக்காக ஆஷ்கினுக்கு 2018ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டபோது அவருக்கு அகவை 96.

கைப்பிடி வைத்த கருவிகள்

இடுக்கியால் கோளத்தைப் பிடிக்கலாம் என்றால், கோளங்களைக் கைப்பிடியாகக் கொண்ட கருவி ஒன்றைச் செய்து அதையும் பிடிக்கலாம். இந்த எளிய எண்ணத்திலிருந்து ஒளியால் கையாளும் நுண்கருவிகள் தோன்றின. அவற்றை வார்ப்பதும் சீரொளியே. ஒளிபட்டால் கெட்டியாகும் பிசினுக்குள் சீரொளியைக் குவித்து, குவியத்தை முப்பரிமாணத்தில் நகர்த்தினால், அது சென்ற தடம் மட்டும் திண்மமாக நிற்கும். எஞ்சிய பிசினைக் கழுவிவிடலாம்.

அங்கேரியின் செகெட் நகர ஆய்வாளர்களான கலாய்தா, ஒர்மோஷ் இருவரும் 2001இல் இவ்வகையில் சில மைக்ரோமீட்டர் அளவுள்ள சுழலிகளைச் செய்து, ஒளி இடுக்கியில் பிடித்துச் சுழற்றினர். தீபாவளிச் சங்குசக்கரம் தீப்பொறியைச் சாய்வாக உமிழ்ந்து சுழல்வதுபோல, இச்சுழலியின் வளைந்த கைகள் தம்மீது விழும் ஒளியைச் சாய்வாகத் திருப்பிவிட்டுச் சுழல்கின்றன. சங்குசக்கரத்தின் மருந்து அதற்குள்ளேயே இருக்கிறது. சுழலியின் மருந்து வெளியிலிருந்து வருகிறது என்பதே வேறுபாடு.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யெஸ்பர் குளூக்ஸ்டாட் குழுவினர் 2016இல் இன்னும் ஒரு படி சென்றனர். அவர்கள் செய்த நுண்கருவிக்கு உள்ளீடற்ற உடலும் கூம்பிய வாயும் பிடித்துக்கொள்ளக் கோளக் கைப்பிடிகளும் இருந்தன. பல ஒளிக்கற்றைகள் கைப்பிடிகளைப் பற்றிக் கருவியை நகர்த்தவும் திருப்பவும் செய்யும். வேறொரு கற்றை உடலுக்குள் பூசிய மெல்லிய உலோகப் படலத்தைச் சூடாக்கும். அச்சூட்டால் எழும் நீரோட்டம் ஊசிக்குழல்போல் நுண்துகள்களை உள்ளிழுத்து வெளியே தள்ளும். ஒரே கருவியில் ஒளி இரு வேறு வேலைகளைச் செய்வதற்கு இது நல்ல சான்று.

இவற்றை ரோபோ என அழைப்பது தகுமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. மரப்பாவையை ஆட்டுவிக்கும் நூலின் இடத்தில் இங்கு ஒளி இருக்கிறது. பாவைக்கு மூட்டுகள் உண்டு, முடிவுகள் இல்லை. பிறவினைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இம்முறையின் விலை வெப்பமும் ஒளிச்சேதமும். 10 மில்லிவாட் ஒளியை 1 சதுர மைக்ரோமீட்டர் பரப்பில் குவித்தால் அங்கு விழும் ஒளியின் செறிவு நண்பகல் வெயிலைப்போல் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு. கருவியின் கைப்பிடிமீது மட்டும் ஒளி விழுமாறு செய்து, அருகிலுள்ள உயிரணுவை நேரடி ஒளியிலிருந்து காப்பது ஒரு தீர்வு. மற்றொரு தீர்வைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மிங் வூ குழுவினர் 2005இல் தந்தனர். ஒளிபடும் இடத்தில் மட்டும் மின்கடத்தியாக மாறும் சிலிக்கான் படலத்தின்மீது ஒளியால் ஓர் உருவம் வரைந்தால், அவ்வுருவமே மின்வாயாகிச் சுற்றியுள்ள துகள்களை நகர்த்தும். விசையை மின்புலம் தருவதால், ஒளி இடுக்கிக்குத் தேவைப்படும் ஒளிச்செறிவில் இலட்சத்தில் ஒரு பங்கே போதுமானது. இம்முறையைப் பயன்படுத்தி டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பற்சக்கர வடிவ நுண்ணெந்திரன்களை ஓட்டி, உயிரணுக்களைச் சேதமின்றி ஏற்றியிறக்கினர்.

காத்திருக்கும் ஒளி

ஒளியின் உந்தத்துக்குப் பதிலாக அதன் வெப்பத்தைப் பயன்படுத்துவது வேறொரு வழி. கோளத்தின் ஒரு பாதியில் தங்கம் பூசி அதன்மீது சீரொளியைச் செலுத்தினால், தங்கப் பாதி சூடேறும். இரு பாதிகளுக்கும் இடையே உண்டாகும் வெப்பநிலை வேறுபாடு கோளத்தை ஒட்டிய நீரில் ஓட்டத்தை எழுப்பி, கோளத்தை உந்துகிறது. உந்துதல் கோளத்தின் அச்சுத்திசையில் மட்டுமே நிகழும். அந்த அச்சையோ பிரௌனியன் இயக்கம் தன் விருப்பம்போல் திருப்பிக்கொண்டிருக்கும்.

ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் சிக்கோஸ் குழுவினர் இந்தத் தடுமாற்றத்தோடு போராடுவதை விடுத்து அதையே சுக்கானாகக் கொண்டனர். நுண்ணோக்கியில் பொருத்திய ஒளிப்படக் கருவி கோளத்தைத் தொடர்ந்து பார்க்கிறது. கோளத்தின் முகம் இலக்கை நோக்கித் தற்செயலாகத் திரும்பும்போது மட்டும் கணினி சீரொளியை ஏற்றுகிறது. முகம் திரும்பியவுடன் அணைத்துவிடுகிறது. நல்ல காற்று வரும்வரை காத்திருந்து பாய் விரிக்கும் படகோட்டியின் உத்தி இது. சிறிய கோளம் விரைவாகத் திசை மாறுவதால் ஏற்ற திசையும் விரைவில் வாய்க்கிறது.

இக்குழுவினர் 2021இல், தங்க நானோதுகள்கள் பரவலாக ஒட்டிய கோளங்களைப் பயன்படுத்தினர். குவித்த சீரொளியைக் கோளத்தின் விளிம்பில் எந்த இடத்தில் வைக்கிறோமோ, அதைப் பொறுத்துக் கோளம் செல்லும் திசை அமையும். எத்திசையைத் தேர்வது என்பதைக் கணினி நிரல், பரிசும் தண்டமும் பெற்றுக் கற்கும் முறையில், முயன்று முயன்று கற்றுக்கொண்டது. நுண்கோளம் 'கற்றது' என இதைச் சுருக்கிச் சொல்வது எளிது. கற்றது கணினி, கோளம் சென்றது. இயங்குதலின் விசை கோளத்தின் மேற்பரப்பிலேயே பிறப்பதால் பாதித் தன்வினை என வேண்டுமானால் இதைக் கூறலாம்.

அலையாகவும் அலைவாங்கியாகவும்

இடைப்பட்ட நிலையில் மேலும் இரண்டு ஆய்வுகளைக் குறிப்பிட வேண்டும். ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2016இல், ஒளிபட்டால் உருமாறும் மென்மையான திரவப் படிக மீள்மத்தால் நுண்ணிய உருளைகளைச் செய்தனர். அவற்றின்மீது இருளும் ஒளியும் மாறிமாறி நகரும் பட்டைகளை வீழ்த்தியபோது, மண்புழுவின் உடலில் ஓடுவது போன்ற அலை உருளையில் ஓடியது, உருளை நீந்தியது. அலை ஓர் ஒழுங்கில் ஓடுவதால், சென்ற வழியே திரும்பும் சிப்பியின் தடை இங்கு எழவில்லை.

வூர்ட்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பெர்ட் ஹெக்ட் குழுவினர் 2022இல் வெளியிட்ட நுண் பறவியோ 2.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒளிபுகும் நெகிழித் தட்டு. அதில் பதித்த தங்க நானோ அலைவாங்கிகள், நான்கு வரை, தம்மீது விழும் ஒளியை ஒரு பக்கமாகச் சிதறவிட்டு எதிர்ப்பக்கம் உதைபெறுகின்றன. 830, 980 நானோமீட்டர் அலைநீளங்களில் இடஞ்சுழி, வலஞ்சுழி ஒளிகளை மாற்றிமாற்றிச் செலுத்தி, ஒவ்வோர் அலைவாங்கியையும் தனித்தனியே தூண்டலாம். இதனால் தட்டைத் தளத்தில் எத்திசையிலும் செலுத்தவும் திருப்பவும் முடிகிறது. இங்கு ஒளி குவிக்கப்படவில்லை. எங்கே விழுகிறது என்பதற்குப் பதில் எப்படிப்பட்ட ஒளி என்பதே ஆணையாகிறது. ஆணையைப் பிரித்தறியும் வேலை எந்திரனின் உடலமைப்புக்கு மாறிவிட்டது. துறையின் திருப்புமுனை என இதைக் கொள்ளலாம்.

உணவாகும் ஒளி

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பால் மெக்யூவன், இட்டாய் கோஹன், அவர்களோடு பணியாற்றிப் பின்னர் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற மார்க் மிஸ்கின் ஆகியோரின் குழு 2020இல் வெளியிட்ட நடக்கும் நுண்ணெந்திரன் வேறொரு மரபைச் சேர்ந்தது. கணினிச் சில்லுகளை உருவாக்கும் அதே சிலிக்கான் தொழில்நுட்பத்தில் பிறந்தது அது. அகலம் 40 மைக்ரோமீட்டர், நீளம் 40 முதல் 70 மைக்ரோமீட்டர், தடிமன் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர். நான்கு அங்குலச் சிலிக்கான் வட்டத்தகடு ஒன்றிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எந்திரன்கள் கிடைக்கின்றன.

சில்லு செய்வோர் மின்சுற்றுகளை நெடுங்காலமாகச் சுருக்கி வந்துள்ளனர்; இந்த அளவில் உடலுக்கும் மூளைக்கும் குறைவில்லை. இல்லாதிருந்தது கால். மின்சுற்று தரக்கூடிய சிறிய மின்னழுத்தத்தில் மடங்கி நிமிரும் தசை ஒன்றும் இல்லை. கார்னெல் குழு கண்டது ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனுள்ள பிளாட்டினப் பட்டை. அதன் ஒரு பக்கம் டைட்டானியத்தால் மூடப்பட்டுள்ளது. எந்திரன் மூழ்கியிருக்கும் மின்பகுளியில், நேர்மின்னழுத்தம் பெற்ற பிளாட்டினத்தின் திறந்த பக்கத்தில் கரைசலின் அயனிகள் ஒட்டிக்கொள்கின்றன. அப்பக்கம் விரிவடைய முயல, மூடிய பக்கம் விரியாமல் தடுக்க, பட்டை வளைகிறது. மின்னழுத்தத்தை மாற்றினால் அயனிகள் விலகிப் பட்டை மீள்கிறது. இதற்கு வேண்டிய மின்னழுத்தம் ஏறத்தாழ 200 மில்லிவோல்ட். திறன் ஏறத்தாழ 10 நானோவாட். இத்தனை மெல்லிய உலோகம் முறியாமல் வளைவதும் அதன் மெல்லிய தன்மையால்தான்: தடிமனான கம்பி முறியும் வளைவில் மெல்லிய தாள் உலோகம் எளிதில் மடங்கும்.

எந்திரனின் முதுகில் சிலிக்கான் ஒளிமின்கலங்கள் உள்ளன. சில முன்கால்களோடும், சில பின்கால்களோடும் இணைந்தவை. நுண்ணோக்கியின் வழியே சீரொளியை முன்கலத்திலும் பின்கலத்திலும் மாறிமாறிக் குவித்தால், முன்கால்களும் பின்கால்களும் மாறிமாறி வளைந்து எந்திரன் நடக்கிறது. ஆஷ்கினின் கோளத்தில் சீரொளி தந்தது விசை. இங்கு அது மின்சாரம். ஒளியின் உந்தம் இந்நடையில் எப்பங்கும் வகிக்கவில்லை. எனினும் எப்போது எந்தக் காலை எடுத்துவைப்பது என்பதைச் சீரொளியை நகர்த்தும் மனிதரே முடிவு செய்கிறார். நடப்பது எந்திரன், நடத்துவது ஒளி.

2022இல் கார்னெல் குழு அந்த முடிவையும் எந்திரனுக்குள் கொண்டுவந்தது. ஏறத்தாழ ஆயிரம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட கடிகாரச் சுற்று ஒன்று கால்களுக்கான தாளத்தைத் தானே கணக்கிட்டு அளித்தது. 100 முதல் 250 மைக்ரோமீட்டர் அளவுள்ள இவ்வெந்திரன்கள், பரவலாக விழும் ஒளியில், நொடிக்கு 10 மைக்ரோமீட்டரை விஞ்சிய வேகத்தில் நடந்தன. காலுக்குக் கால் சீரொளியைக் குறிபார்க்கும் வேலை ஒழிந்தது. அவற்றுள் ஒருவகை, ஒளித்துடிப்புகளாக வந்த ஆணையை ஏற்று நடையின் வேகத்தை மாற்றிக்கொண்டது.

ஆணையாகும் ஒளி

அந்த ஒளித்துடிப்பில்தான் மூன்றாவது பணி தொடங்குகிறது. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் மிஸ்கின் குழுவும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிளாவ் குழுவும் இணைந்து 2025இன் இறுதியில் வெளியிட்ட நுண்ணெந்திரனின் அளவு ஏறத்தாழ 200 × 300 × 50 மைக்ரோமீட்டர். அதற்குக் கால்கள் இல்லை. தன்னைச் சுற்றி ஒரு மின்புலத்தை உண்டாக்கி, கரைசலின் அயனிகளைத் தள்ளி, அவ்வயனிகள் நீரை இழுத்துச் செல்ல, அந்த ஓட்டத்தில் அது நீந்துகிறது. அசையும் உறுப்பு இல்லாததால் தேய்மானமும் இல்லை.

அதன் முதுகின் பெரும்பகுதியை ஒளிமின்கலங்கள் எடுத்துக்கொள்கின்றன. கிடைப்பதோ நூறு நானோவாட்டுக்கும் குறைவு. அதற்குள் ஒரு செயலி, சிறு நினைவகம், வெப்ப உணரி ஆகியவை இயங்க வேண்டும். ஒளியின் துடிப்புகள் அதற்கு உணவாகவும் நிரலாகவும் பயன்படுகின்றன. ஒவ்வோர் எந்திரனுக்கும் தனி முகவரி இருப்பதால், ஒரே ஒளி எல்லாவற்றின்மீதும் விழுந்தாலும் உரியது மட்டும் உரிய ஆணையை ஏற்கும். ஆய்வாளர்கள் இதற்குப் பயன்படுத்தியது ஒளியுமிழ் டையோடு; சீரொளிகூடத் தேவைப்படவில்லை. எந்திரன் தான் உணர்ந்த வெப்பநிலையை ஒரு குறிப்பிட்ட அசைவு வரிசையாக ஆடிக் காட்ட, நுண்ணோக்கியின் ஒளிப்படக் கருவி அதைப் படித்துக்கொள்கிறது. தேனீக்கள் தம் கூட்டத்துக்கு ஆடிச் செய்தி சொல்வதை அவ்வாய்வாளர்கள் இதற்கு ஒப்பிட்டுள்ளனர்.

1986இல் நுண்ணோக்கியின் மிகக் கூரிய குவியம் இன்றேல் எதுவும் நிகழ்ந்திராது. 2020இல் ஒளிமின்கலத்தின் அளவுக்குக் குவித்தால் போதுமானது. 2025இல் குவிப்பே வேண்டியிருக்கவில்லை. எந்திரனின் உடலுக்குள் எவ்வளவு அமைப்பு ஏறியதோ, அவ்வளவுக்கு வெளியிலுள்ள ஒளியின் நுட்பம் தளர்ந்தது. அளவும் உடன் பெருத்ததை மறக்கக் கூடாது: ஆஷ்கினின் கோளத்தைவிட இது நூற்றுக்கணக்கான மடங்கு நீளமானது. சிந்திக்கும் எந்திரனை ஒளி இடுக்கி தூக்காது. ஒளி இடுக்கி தூக்கும் துகளில் சிந்தனைக்கு இடமில்லை.

உடலுக்குள் செல்லுமா?

நுண்ணெந்திரன் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இரத்தக் குழாய்க்குள் நீந்தும் மருத்துவரின் படத்தோடு வருகின்றன. நோயுற்றோரும் அவர்தம் உறவினரும் படிக்கும் செய்தி இது என்பதால் இங்குச் சொல்லாட்சியில் கவனம் வேண்டும். மேலே கூறிய சோதனைகள் யாவும் தெளிந்த நீர்மத்தில், நுண்ணோக்கியின் கீழ் நிகழ்ந்தவை. உடலின் திசு தெளிந்த நீர்மம் அன்று. கைவிளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்கள் செந்நிறமாக ஒளிர்வதைக் காணலாம். விளக்கின் வடிவம் தெரிவதில்லை. ஒளி கடந்து வருகிறது, குவியம் கடந்து வருவதில்லை. திசுவில் செல்லும் ஒளி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்கு ஒருமுறை சிதறுகிறது. ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் கூரிய குவியம் எஞ்சுவதில்லை. சிதறல் குறைந்த அண்மை அகச்சிவப்பும் இந்த வரம்பைச் சற்றுத் தள்ளிவைக்குமேயன்றி நீக்காது.

இதன்படி, ஒளி கையாக உள்ள எந்திரன்களே உடலுக்குள் முதலில் தோற்கும். சிதறிய ஒளியால் பொருளைப் பற்ற இயலாது. உணவாகவும் ஆணையாகவும் கொள்வனவற்றுக்குச் சிதறிய ஒளியும் ஓரளவு பயன்படும்; ஆனால் ஆழத்தோடு ஒளியின் அளவும் விரைந்து குறையும் என்பதால் அவற்றுக்கும் தோலுக்கு அருகிலுள்ள பகுதியே எட்டும். உயிருள்ள விலங்கில் ஒளி இடுக்கி வென்ற இடங்களும் இதையே காட்டுகின்றன. சீன ஆய்வாளர்கள் 2013இல் சுண்டெலியின் இரத்த நுண்குழாய்க்குள் சிவப்பணுக்களைப் பிடித்தனர். அவர்கள் தேர்ந்தது காதின் மெல்லிய தோல். 2016இல் வரிக்குதிரை மீனின் உடலுக்குள் நானோதுகள்களும் உயிரணுக்களும் நகர்த்தப்பட்டன. அம்மீனின் இளம் பருவ உடல் கண்ணாடிபோல் ஒளிபுகுவது.

ஆழத்துக்குச் செல்ல வல்லது காந்தப்புலம். உடல் அதைத் தடுப்பதில்லை. ஆயினும் ஒரு காந்தப்புலத்துள் உள்ள எந்திரன்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே புலத்தையே உணர்கின்றன. பத்துப் பேரில் ஒருவரை மட்டும் பெயர்சொல்லி அழைக்க அதனால் எளிதில் இயலாது. பக்கத்துத் துகளைத் தொடாமல் ஒன்றை மட்டும் தேர்வது ஒளிக்கு இயல்பாக வருவது. இவ்விரண்டையும் பிணைக்கும் முயற்சி ஒன்றைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் அம்பரீஷ் கோஷும் அவருடைய மாணவரும் 2018இல் வெளியிட்டனர். திருகு வடிவ நுண்ணெந்திரனைச் சுழலும் காந்தப்புலம் முன்னோக்கிச் செலுத்துகிறது. அதன் உடலிலுள்ள உலோக நானோ அமைப்புகள் மீது ஒளி விழும்போது அருகிலுள்ள நுண்துகளை அது பற்றிக்கொள்கிறது, ஒளி நின்றால் விட்டுவிடுகிறது. எங்கே செல்வது என்பதைக் காந்தம் பார்த்துக்கொள்ள, எதைப் பற்றுவது, எங்கே விடுவது என்பது மட்டும் ஒளியின் பொறுப்பாயிற்று. அச்சோதனையும் நுண்ணோக்கியின் கீழ், ஒளி எட்டும் மெல்லிய நீர்ம அறைக்குள் நடந்ததே.